சீனி அம்மனுக்குக் கண் திறந்த நாள்

அத்தியாயம் 14

கேக் சுடத் தெரியாதவர்கள்தான் கேக் சுடுகிறவளுக்கு அதிகம் பாடம் எடுப்பார்கள். தனுஷிகாவுக்கு இந்த ஞானம் ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

தேயிலைத் தோட்டத் தலைவர் அழகுமுத்துவின் பேரன் கிஷாந்துக்கு முதல் பிறந்தநாள். போன வருடம் மாரியம்மன் தேர் ஓடிய அன்று பிறந்த பிள்ளை. அதனால் கேக்கும் நம்ம தோட்டத்துத் தேர் மாதிரியே இருக்கவேண்டும் என்று தலைவர் ஆசைப்பட்டார். தனுஷிகா முடியாது என்று சொல்ல வாயெடுத்தபோது, அண்ணன் பிரதாப் அவள் காலில் விழாத குறை. தலைவரின் மகள் ஜீவராணியும் அவனும் ஒருவரையொருவர் விரும்புகிற விஷயம் இப்போதுதான் பெரியவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. தலைவர் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்தப் "பார்க்கலாம்" கல்யாணத்தில் முடிய வேண்டுமானால், தங்கச்சியின் தேர் நல்லபடியாக ஓட வேண்டும் என்பது பிரதாப்பின் கணக்கு.

அவளும் ஒத்துக்கொண்டாள். போன வாரம் அதோடு நின்றோம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பெரட்டு இல்லை, வேலைக்குப் பேர் கொடுக்க விடியலில் யாரும் ஓடவேண்டாம். ஆனாலும் தனுஷிகா கோழி கூவும் முன்பே எழுந்து லயத்து வீட்டுக் குசினியில் நின்றாள். ஹட்டனில் கேக் சொல்லிக்கொடுத்த சிங்கள மிஸ், ரோஜாப்பூ வைக்கவும் பேர் எழுதவும்தான் பழக்கியிருந்தார். தேர் கட்டப் பழக்கவில்லை. முட்டை போடாத சதுரக் கேக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பிஸ்கட்டில் சக்கரம் வைத்து, சீனி மாவை உருட்டித் தட்டி, மேலே கூடாரமும் கலசமும் செய்தது எல்லாம் அவளாகப் பார்த்துப் பழகியதுதான்.

லிந்துலைப் பக்கத்து மூடுபனிக்கும் சீனி மாவுக்கும் ஆகவே ஆகாது. கொஞ்சம் ஈரம் பட்டாலும் அது வேர்த்துக் கொட்டும். அதனால் செய்து முடித்த துண்டுகளை அடுப்புக்கு மேலிருந்த பலகையில் காயவைத்திருந்தாள். ஆவி வரும் என்று அம்மாவைச் சோறு வடிக்கவும் விடவில்லை.

"என் வீட்டு அடுப்புல ஒல வைக்க நான் ஒன்கிட்ட பெர்மிட் எடுக்கணுமா?" என்றாள் ராசம்மா.

"இன்னிக்கு மட்டும்மா."

"ஒரு வாரமா இன்னிக்கு மட்டும்தான்."

ராசம்மாவுக்கு இந்தக் கேக் வேலை பிடிக்கவில்லை. கொழுந்து பறிக்கப் போகாதே என்று மகளைப் படிக்கவைத்தவளும் அவள்தான். படித்த மகள் மாவைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறவளும் அவள்தான். ஆனால் இன்று அவள் பார்வை பலகையின் ஓரத்தில் போய் நின்றுவிட்டது.

அங்கே ஒரு சாண் உயரத்தில் அம்மன் நின்றாள். சீனி மாவில் செய்த அம்மன். மஞ்சள் முகம், சிவப்புச் சேலை, தலையில் கிரீடம், கையில் சூலம்.

"இதென்னாடி?"

"தலைவர் கேட்டாரும்மா."

கேட்டார் என்பது மரியாதைக்குச் சொன்ன சொல். முந்தாநாள் பொழுதுபட, தேர் முக்கால்வாசி முடிந்த பிறகு, போனில் குரல் பதிவொன்று வந்தது. 'தேருக்குள்ள அம்மன் இல்லாம எப்புடிப் புள்ள? வெறுந்தேர் வீட்டுக்கு வந்தா அபசகுனம். அம்மனையும் வச்சிரு' என்றது தலைவரின் குரல். இவள் உடனே அழைத்து, "மாமா, கேக்குன்னா வெட்டணுமே, சாமிய எப்படி வெட்டுறது?" என்று கேட்டாள். "நீ சொன்னதச் செய். மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

அம்மன் இல்லாவிட்டால் அபசகுனம். இருந்தால் வெட்ட முடியாது. கேட்டவருக்கு இது தோன்றவில்லை. செய்கிறவள் தலையில்தான் அது வந்து விழுந்தது.

ராசம்மா கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். "கண்ணு எங்கடி?"

"வைக்கலம்மா. வேணும்னுதான் வைக்கல."

நம் கோயில் கும்பாபிசேகத்துக்குக் கல் அம்மன் வந்த கதை தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். சிலை லொறியில் வந்து இறங்கி, மண்டபத்து ஓரத்தில் சாக்கு மூடிக் கிடந்தது. பிள்ளைகள் அதன் மேல் ஏறி விளையாடினார்கள். யாரும் அதட்டவில்லை. பிறகு ஆசாரி வந்து, திரை கட்டி, ஊசியால் கண்ணைத் திறந்தார். திரை விலகியதும், ஏறி விளையாடிய அதே பிள்ளைகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தனுஷிகாவும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி.

"கண்ணு தெறக்காத வரைக்கும் அது பொம்மதானேம்மா? அதுக்கும் மேல, தனித் தட்டுல நிக்க வச்சிருக்கேன். வெட்டுறதுக்கு முன்னால தட்டோட தூக்கிறலாம்."

ராசம்மா தட்டின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "வெவரமாத்தான் இருக்க" என்றாள். அவள் வாயிலிருந்து கேக்கைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அது. தனுஷிகா அதைச் சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

பிரதாப் புதுச் சட்டை போட்டு, ஆட்டோவுக்கும் மாலை போட்டிருந்தான். பள்ளமும் மேடுமான தோட்டத்து ரோட்டில் கர்ப்பிணியை ஏற்றிப் போகிறவனைப் போல ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினான். பின் சீட்டில் அம்மாவும் மகளும் தேரை மடியில் தாங்கிக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"தனு, இன்னிக்கு மட்டும் நல்லபடியா முடிஞ்சா, ஒனக்குக் கேக் சுடுற பெரிய அவன் ஒன்னு வாங்கித்தாறேன்" என்றான்.

"ரோட்டப் பாத்து ஓட்டுண்ணே."

பிறந்தநாள் நடக்கிற மண்டபத்தில் பாதித் தோட்டம் கூடியிருந்தது. மேசையில் தேரை வைத்ததும் பெண்கள் வந்து மொய்த்துக்கொண்டார்கள். சக்கரத்தைப் பார், கலசத்தைப் பார், சீலை மடிப்பைப் பார் என்று ஒரே பேச்சு. "இவ்வளவு கைராசியா ராசம்மா மகளுக்கு!" என்று யாரோ சொன்னது ராசம்மாவின் காதிலும் விழுந்தது. அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

தலைவரின் மனைவி நாகலெட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். உச்சியிலிருந்து அடிவரை பார்த்தார்.

"என்னா புள்ள இது? அம்மனுக்குக் கண்ணையே காணோம்!"

"அத்தை, அது..."

"குருட்டு அம்மனா? மொத பொறந்தநாளுக்கு எம் பேரனுக்குக் குருட்டு அம்மனா கொண்டாந்து வச்சிருக்க?"

தனுஷிகா கண் திறக்கிற விஷயத்தைச் சொல்லப் பார்த்தாள். நாகலெட்சுமியின் காது திறக்கவில்லை. தலைவரே வந்துவிட்டார். வேட்டியும் சால்வையுமாக, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, இவளிடம் மட்டும் பல்லைக் கடித்தார்.

"கண்ண வச்சிரு புள்ள. எல்லாரும் பாக்குறாங்க."

"மாமா, கண்ணு வச்சா அப்புறம் வெட்டுறதுக்கு யாருக்கும் மனசு வராது."

"நான் சொல்றேன்ல?"

பிரதாப் அவள் காதருகே வந்தான். "தனு, ரெண்டு புள்ளிதானே. வச்சிரு. எனக்காக."

ரெண்டு புள்ளிதானே! ஒரு வாரம் முதுகொடிய நின்று செய்தவளுக்கு, இதில் எது எங்கே இருக்கவேண்டும் என்று சொல்ல உரிமை இல்லை. செய்யச் சொன்னவருக்கு உண்டு. செய்யச் சொன்னவரின் பெண்டாட்டிக்கு உண்டு. அந்த வீட்டில் பெண் எடுக்கப்போகிற அண்ணனுக்கும் உண்டு. தனுஷிகாவுக்குக் காது மடல் சூடாகியது. ஆனாலும் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பையிலிருந்து மெல்லிய தூரிகையை எடுத்தாள்.

கறுப்புச் சாயத்தைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதலில் வலது கண். பிறகு இடது. மையிட்ட இமை, நடுவில் கருமணி.

கையை எடுத்ததும் அவளே ஓரடி பின்வாங்கினாள்.

அதுவரை அழகான பொம்மையாக நின்றது, இப்போது எல்லாரையும் பார்த்தது. முன்னால் நின்ற ஒரு கிழவி செருப்பைக் கழற்றினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் கழற்றினார்கள். எங்கிருந்தோ ஒரு தட்டில் சூடம் வந்தது. கேக் மேசைக்கு முன்னால் தீபம் காட்டினார்கள். பலூன்களுக்கு நடுவே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"சரி, சரி, கேக்க வெட்டுவோம்" என்று தலைவர் கத்தியை எடுத்துத் தன் மகனிடம் நீட்டினார்.

மகன் வாங்கவில்லை. "நீங்க வெட்டுங்கப்பா" என்றான். மருமகள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஐயோ, எம் புள்ள கையால வேணாம் மாமா" என்றாள். நாகலெட்சுமி கூடத் தூணோரம் ஒதுங்கிவிட்டார். ரிப்பன் கட்டிய கத்தி தலைவரின் கையிலேயே நின்றது.

கோயில் பூசாரி முன்னால் வந்தார். "அம்மனைப் போய்த் திங்கிற பண்டத்துல வைக்கச் சொன்னது யாருப்பா? தேர் ஓடி முடிஞ்சு கொடிகூட இன்னும் எறக்கல. தோட்டத்துக்கு ஏதாச்சும் வந்தா யார் பொறுப்பு?"

எல்லார் கண்ணும் தலைவர் மேல் போனது. கோயில் கமிட்டியின் தலைவரும் அவர்தான். அழகுமுத்து ஒரு கணம் தயங்கினார். பிறகு சிரித்தார்.

"எனக்கு எப்புடிச் சாமி தெரியும்? நான் தேர் மட்டுந்தான் சொன்னேன். சின்னப் புள்ள, புதுசாத் தொழில் பழகுது. தானா ஆசப்பட்டு அம்மனையும் வச்சிருச்சு. வெளங்காத புள்ளைய என்னான்னு சொல்றது?"

எப்படி வருகிறது இந்த மனிதர்களுக்குப் பொய்! ஒரு சுருக்கம் விழாமல், சால்வை நழுவாமல், எப்படி வருகிறது!

கூட்டம் முணுமுணுத்தது. "படிச்ச புள்ளைக்கு இதுகூடவா தெரியாது" என்றாள் ஒருத்தி. "நாளைக்குப் பெரட்டுல ராசம்மா எப்புடித்தான் மூஞ்சியக் காட்டுவாளோ" என்றாள் இன்னொருத்தி. சற்றுமுன் கைராசி என்று சொன்ன அதே குரல். ராசம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் குனிந்த தலைதான் தனுஷிகாவைச் சுட்டது.

போன் அவள் கையில் இருந்தது. தலைவரின் குரல் அதற்குள் இருந்தது. ஒரு முறை தொட்டால் மண்டபம் முழுக்கக் கேட்கும். பிரதாப் பக்கத்தில் வந்து அவள் பாதத்தைத் தன் பாதத்தால் அழுத்தினான். கண்ணில் தண்ணீர் நின்றது அவனுக்கு. தூணருகே ஜீவராணி சேலை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

தனுஷிகா போனைப் பைக்குள் போட்டாள். பிரதாப் பெருமூச்சு விட்டான்.

அவள் மேசையருகே போனாள். இரண்டு கையாலும் அம்மனைத் தட்டோடு மெல்லத் தூக்கினாள். தேரின் நடுவில் ஒரு வெற்றிடம் விழுந்தது.

"சாமி எறங்கியாச்சு" என்றாள். குரல் எல்லாருக்கும் கேட்டது. "சாமி எறங்கினப்புறம் தேர் வெறும் பலகதான். போன வாரம் நம்ம எல்லாரும் சேந்துதானே தேரக் கழட்டிப் போட்டோம்? தாராளமா வெட்டலாம்."

பூசாரி தலையாட்டினார். அத்தோடு அவள் நிறுத்தியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். கேக்கும் வெட்டப்பட்டிருக்கும், கல்யாணமும் நடந்திருக்கும். வெளங்காத புள்ள என்ற பேர் மட்டும் அவளோடு கடைசிவரை வந்திருக்கும்.

அவள் நிறுத்தவில்லை. அம்மனைக் கையில் ஏந்தியபடியே தலைவருக்கு நேரே போய் நின்றாள்.

"நான் ஆசப்பட்டு அம்மனை வைக்கல மாமா. நீங்க வைக்கச் சொன்னீங்க. வேணாம்னேன். கண்ணு வைக்காம கொண்டாந்தேன். அதையும் வைக்கச் சொன்னது நீங்கதான். இந்தா, தெறந்து வச்சிருக்கேன். பாத்துக்கிட்டுத்தான் இருக்கா. இப்ப இவளைப் பாத்துச் சொல்லுங்க, நான் வைக்கச் சொல்லலன்னு."

அழகுமுத்து வாயைத் திறந்தார்.

ஒரு சாண் உயரத்து அம்மன் அவர் நெஞ்சுக்கு நேரே நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். எத்தனையோ மேடையில் முழங்கிய மனிதர்தான். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

"சொல்லுங்க தலைவரே" என்றாள் ராசம்மா. எப்போது தலையை நிமிர்த்தினாள், எப்போது மகளுக்குப் பக்கத்தில் வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. "எம் மக வெளங்காதவதான். நீங்க வெளங்கினவங்க. சொல்லுங்க."

அழகுமுத்து கத்தியை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். சால்வை ஒரு பக்கம் நழுவித் தரையில் இழுபட்டது. எடுத்துப் போட்டுக்கொள்ள அவர் திரும்பவில்லை.

அப்போது ஜீவராணி தூணை விட்டு வந்தாள். கத்தியை எடுத்தாள். அண்ணன் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்து, அவன் பிஞ்சுக் கையைக் கத்தியின் மேல் வைத்து, தேரின் ஒரு சக்கரத்தை வெட்டினாள். கிஷாந்த் அதைப் பிடுங்கி வாயில் திணித்துக்கொண்டு சிரித்தான். அதன் பிறகுதான் மண்டபத்துக்கு மூச்சு வந்தது.

வீடு திரும்பும் வழியில் பிரதாப் ரோட்டைப் பார்த்து ஓட்டவில்லை. போகும்போது ஊர்ந்த ஆட்டோ, வரும்போது எல்லாப் பள்ளத்திலும் விழுந்தது.

பொழுது சாய்ந்து மூடுபனி லயத்து வாசலுக்கு வந்துவிட்டது. குசினியில் ஒருவழியாக உலை கொதித்தது. அம்மனை மேசையில் வைத்திருந்தார்கள். "காலையில ஆத்துல கொண்டு போய்க் கரைச்சிருவோம். முறையாத்தான் அனுப்பணும்" என்று சொல்லி, ராசம்மா பக்கத்தில் ஒரு விளக்கும் ஏற்றியிருந்தாள். சீனி மாவு ஏற்கனவே லேசாக வேர்க்கத் தொடங்கியிருந்தது.

"பொறுத்திருக்கலாம் தனு" என்றான் பிரதாப் கடைசியில். "ஒரு மணி நேரம். அவ்வளவுதான்."

"ஒரு மணி நேரமா? வெளங்காத புள்ளன்னு பாதித் தோட்டத்து முன்னால சொன்னாரு. அம்மா தலை குனிஞ்சு நின்னாங்க. நீ என் காலத்தான் மிதிச்ச, அந்த ஆளப் பாத்து ஒரு வார்த்த கேக்கல."

அவன் போன் அடித்தது. திரையைப் பார்த்தவன் எழுந்து நின்றான். ராசம்மா கையை நீட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி போடச் சொன்னாள்.

"பிரதாப்பு" என்றது அழகுமுத்துவின் குரல். சாந்தமாக, மேடைக் குரலில். "புதன்கிழம கோயில் கமிட்டி கூடுது. இன்னிக்கு நடந்ததக் கேப்பாங்க. ஒன் தங்கச்சி வரட்டும். நான்தான் தெரியாமச் செஞ்சிட்டேன், தலைவர் சொல்லலன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அடுத்த முகூர்த்தத்துலயே பேசி முடிச்சிருவோம். இல்லாட்டி, ஜீவராணிய டயகமையில எங்க அக்கா மகனுக்குக் கேட்டிருக்காங்க. அவ்வளவுதான்."

போன் நின்றது. உலை மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

பிரதாப் தங்கையைப் பார்த்தான். காலையில் மாலை போட்ட ஆட்டோவை ஓட்டியவன் அல்ல இவன். ஒரே நாளில் முகம் வற்றிப்போயிருந்தது.

"ஒரு வார்த்ததானே தனு" என்றான் மெல்ல.

தனுஷிகாவுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அவள் எழுந்து, மேசையில் நின்ற அம்மனைத் தட்டோடு அண்ணன் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"காலையில ரெண்டு புள்ளிதானேன்னு சொன்ன. வச்சேன். இப்ப ஒரு வார்த்ததானேங்கிற. என்கிட்ட கேக்காதண்ணே. இவளப் பாத்துக் கேளு."

பிரதாப் பார்த்தான். விளக்கு வெளிச்சத்தில் அந்த இரண்டு கண்ணும் அவனையே பார்த்தன. அவன் வாயைத் திறந்தான். மண்டபத்தில் இன்னொருவர் திறந்தது போலவே திறந்து, அதே போலவே மூடினான். சட்டென்று ஆட்டோச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அம்மாவும் மகளும் வாசலுக்கு வந்தார்கள். மூடுபனியில் ஆட்டோ தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. லயத்து முக்கில் ரோடு இரண்டாகப் பிரியும். கீழே போனால் லிந்துலை பஜார், அவன் கூட்டாளிகள், வயிறு முட்டக் குடித்து மறந்துவிடலாம். மேலே போனால் தலைவர் வீடு மட்டும்தான், மண்டபத்தில் கேட்காத அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிடலாம்.

முக்கில் ஆட்டோ நின்றது. நின்றே இருந்தது. ராசம்மா மகளின் கையை இறுகப் பிடித்தாள்.

பிறகு கியர் மாறும் சத்தம் கேட்டது. ஆட்டோ மேலே ஏறத் தொடங்கியது.